மருந்துக்கட்டும் கையுறையும்: தஹாரத் பாடத்திற்கு வந்த புதிய கேள்விகள்



ஃபிக்ஹ் நூல்களில் எதைத் திறந்தாலும் முதல் பாடம் தஹாரத், அதாவது தூய்மை. தண்ணீரின் வகைகள், நஜீஸின் வகைகள், உளூ, குளிப்பு, தயம்மும், ஹைளு என்று அது நீளும். பெண்கள் மதரஸா ஒன்றில் இந்தப் பாடத்தை நாம் பத்தொன்பது ஆண்டுகளாக நடத்தி வருகிறோம். நூலின் வரிகள் அப்படியே இருக்கின்றன. மாணவியரின் கேள்விகள்தாம் மாறியிருக்கின்றன. கிணற்றில் எலி விழுந்து செத்தால் எத்தனை வாளி இறைக்க வேண்டும் என்று ஹனஃபி வீட்டுப் பிள்ளைகள் முன்பெல்லாம் ஆவலோடு கேட்பார்கள். இப்போது ஊரில் கிணறே இல்லை. சென்ற ஆண்டு ஒரு பிள்ளை எழுந்து, "எங்க உம்மாவோட கால் புண்ணுல ஒரு பஞ்சு மாதிரி ஒட்டியிருக்காங்க. மூணு நாளைக்கு எடுக்கவே கூடாதுன்னு நர்ஸம்மா சொல்றாங்க. அப்ப பதினஞ்சு வக்துக்கும் உளூ எப்படிம்மா?" என்று கேட்டாள்.

இது ஒரு வீட்டுக் கேள்வி மட்டுமன்று. சர்க்கரை நோய் இல்லாத வீடு எமது தெருவில் குறைவு. சர்க்கரை நோயாளியின் கால் புண் எளிதில் ஆறுவதில்லை. நரம்பு மரத்துப் போவதால் முள் குத்தியது தெரிவதில்லை. இரத்த ஓட்டம் குறைவதால் குத்திய இடம் மூடுவதில்லை. அத்தகைய காலோடு ஒரு மூமினான பெண் நாளொன்றுக்கு ஐந்து முறை தண்ணீர்க் குழாயடியில் நிற்கிறாள். அவளுக்கு மார்க்கச் சட்டமும் தெரிய வேண்டும். காலில் ஒட்டியிருக்கும் பொருள் என்ன வேலை செய்கிறது என்பதும் தெரிய வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் அறிந்தவர் இன்னொன்றைக் கெடுத்துவிடுவார்.

முதலில் அந்தப் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுவோம்.

காயம் காற்றாட இருந்தால்தான் காயும், பொருக்குக் கட்டினால்தான் ஆறும் என்பது எம் பாட்டிமார் சொன்னது. மருத்துவர்களும் நெடுங்காலம் அவ்வாறே கருதினர். 1962ஆம் ஆண்டு இலண்டனில் ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் ஒரு சோதனையின் முடிவுகளை வெளியிட்டார். சிறு காயங்களில் சிலவற்றைக் காற்றாட விட்டார். சிலவற்றைப் பாலித்தீன் படலத்தால் மூடினார். மூடியவற்றில் புதுத் தோல் ஏறக்குறைய இரு மடங்கு விரைவாகப் படர்ந்தது. காரணம் எளியது. புதுத் தோலின் செல்கள் காயத்தின் ஓரத்திலிருந்து நடுப்பகுதிக்கு நகர்ந்து வர வேண்டும். காய்ந்த பொருக்கு இருந்தால் அவை அதன் அடியில் வழி தேடிப் புகுந்து செல்ல வேண்டியிருக்கிறது. ஈரம் இருந்தால் மேற்பரப்பிலேயே வழுக்கிக்கொண்டு போய்விடுகின்றன. வின்டர் இந்தச் சோதனையைப் பன்றிகளின் தோலில் செய்தார். அது மனிதத் தோலுக்கு நெருக்கமானது என்பதால். வகுப்பில் இதைச் சொன்னபோது பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். ஓர் அறிவு எங்கிருந்து பெறப்பட்டது என்பது வேறு, நம் உடலில் எது ஒட்டப்படுகிறது என்பது வேறு. இரண்டாவதற்குப் பிறகு வருவோம்.

அதன் பின்னர் வந்த கட்டுகள் அனைத்தும் இந்த ஈரத்தை அளவோடு காப்பதற்காகச் செய்யப்பட்டவை. பழைய காஸ் துணி காயத்தின் நீரை உறிஞ்சிக் காய்ந்து புண்ணோடு ஒட்டிக்கொள்ளும். அதைப் பிய்த்து எடுக்கும்போது முதல் நாள் வளர்ந்த இளந்தோலும் சேர்ந்து வரும். கட்டு மாற்றும் அறையில் கேட்கும் அலறல் பெரும்பாலும் அதனால்தான். இப்போது தரப்படும் ஃபோம் கட்டில் உட்பக்கம் மென்மையான பாலியூரித்தேன் பஞ்சும் வெளிப்பக்கம் மெல்லிய படலமும் இருக்கின்றன. பஞ்சு மிகையான கசிவை ஏற்றுக்கொள்ளும். வெளிப்படலம் நீராவியை வெளியே விடும். தண்ணீரையும் கிருமியையும் உள்ளே விடாது. அதனால்தான் அதை மூன்று நாளோ அதற்கு மேலோ விட்டுவைக்க முடிகிறது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் புண் குளிர்ந்து, செல்களின் வேலை தடைப்பட்டு, கிருமிக்கும் வாசல் திறக்கிறது.

ஆல்ஜினேட் என்ற கட்டு இன்னும் வியப்புக்குரியது. அது பழுப்பு நிறக் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படுகிறது. இராமநாதபுரம் கடற்கரையில் பெண்கள் கடலில் மூழ்கிப் பறித்து வரும் கட்டக்கோரையும் பக்கோடா பாசியும் ஆல்ஜினேட் எடுப்பதற்கு உரிய பாசிகள். அந்தச் சத்தைக் கால்சியத்தோடு சேர்த்து இழையாக்கிப் பஞ்சு போலச் செய்கிறார்கள். புண்ணில் வைத்ததும் காயநீரிலுள்ள சோடியம் உள்ளே போக, கால்சியம் வெளியே வருகிறது. இழைகள் வழுவழுப்பான கூழாக மாறிவிடுகின்றன. வெளிவரும் கால்சியம் இரத்தம் உறைவதற்கும் துணை செய்கிறது. எடுக்கும்போது தோலை இழுக்காது. உப்புநீரால் கழுவினாலே போய்விடும். நீர் அதிகம் கசியும் புண்ணுக்குத்தான் இது. உலர்ந்த புண்ணில் வைத்தால் இதுவும் ஒட்டிக்கொள்ளும்.

இவற்றையெல்லாம் எழுதும்போது உஹதுக் களம் நினைவுக்கு வருகிறது. நபி (ஸல்) அவர்களின் முகத்தில் காயம் பட்டு இரத்தம் வழிந்தபோது அலீ (ரலி) கேடயத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற, ஃபாத்திமா (ரலி) கழுவினார்கள். தண்ணீர் ஊற்ற ஊற்ற இரத்தம் கூடுவதைக் கண்டதும் அவர்கள் ஒரு பாய்த்துண்டை எரித்துச் சாம்பலாக்கி, அதைக் காயத்தில் அப்பினார்கள். இரத்தம் நின்றது. புகாரியில் பதிவாகியுள்ள செய்தி இது. இதை வைத்து, இன்றைய கட்டுகள் எல்லாவற்றையும் நாம் அன்றே கண்டுபிடித்துவிட்டோம் என்று மேடையில் முழங்குபவர்கள் இருக்கிறார்கள். எமக்கு அதில் உடன்பாடில்லை. அந்தச் செய்தியில் எம்மைக் கவர்வது வேறொன்று. தண்ணீர் பயன் தரவில்லை என்று கண்ட கணத்தில் ஃபாத்திமா (ரலி) முறையை மாற்றினார்கள்.

தேனைப் பற்றியும் ஒரு வார்த்தை. சூரத்துந் நஹ்லில் தேனில் மனிதர்களுக்கு நிவாரணம் இருப்பதாக அல்லாஹ் கூறுகிறான். இதை நம்பி அடுக்களைத் தேனைக் கால் புண்ணில் ஊற்றிக் கட்டிய இருவரை நாம் கண்டிருக்கிறோம். தேன் காயத்திற்கு நல்லது என்பது மருத்துவத்திலும் நிலைபெற்ற செய்திதான். அதன் அடர்ந்த சர்க்கரை கிருமியின் ஈரத்தை உறிஞ்சிவிடும். அதன் புளிப்பும், அதில் மெல்ல உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கிருமியை ஒடுக்கும். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2007இல் தேன் கட்டுக்கு அனுமதி தந்தது. ஆனால் அந்தத் தேன் காமாக் கதிரால் கிருமி நீக்கப்பட்டது. புட்டியில் நாம் வாங்கும் தேனில் சில கிருமிகளின் வித்துகள் உயிரோடு இருக்கக்கூடும். வாயால் உண்ணும் பெரியவருக்கு அவை தீங்கு செய்யாமல் போகலாம். ஆழமான புண்ணில் அப்படிச் சொல்ல இயலாது. இறைவசனத்தின் மீதுள்ள ஈமானுக்கும், எந்தத் தேனை எப்படி வைப்பது என்று மருத்துவரிடம் கேட்பதற்கும் முரண் ஒன்றுமில்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம்.

அந்த மாணவியின் தாயாரை நாம் வீட்டில் சென்று பார்த்தோம். ஐம்பத்தெட்டு வயது. இடது கால் பெருவிரலுக்கு அடியில் எட்டணா அகலத்தில் புண். அரசு மருத்துவமனையில் ஃபோம் கட்டு ஒட்டி அனுப்பியிருந்தார்கள். அவர்கள் சுபுஹுக்கு அதைப் பிரித்து, குழாய் நீரில் காலைக் கழுவி, பழைய சேலைத் துணியால் சுற்றிக்கொள்வார்கள். லுஹருக்கு மறுபடியும் அதே. மூன்று நாள் இருக்க வேண்டிய கட்டு மூன்று மணி நேரம்கூட இருக்கவில்லை. "ஏம்மா, கால்ல தண்ணி படாம தொழுதா அது தொழுகையா? நாப்பது வருசமா ஒரு வக்து விடல. இப்ப போய்க் கெடுத்துக்கவா?" என்றார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னே இருந்தது அறியாமை என்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை. அது தக்வா. ஆனால் அந்தத் தக்வாவுக்கு யாரும் சட்டத்தைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

பயணத்தில் தலையில் காயம்பட்ட ஒரு நபித்தோழர் பற்றிய செய்தியை அவர்களுக்குச் சொன்னோம். ஜாபிர் (ரலி) அறிவிப்பது, அபூதாவூதில் உள்ளது. அவருக்குக் குளிப்பு கடமையானது. தயம்மும் செய்ய எமக்குச் சலுகை உண்டா என்று உடன் வந்தவர்களைக் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்றார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி அறிந்த நபி (ஸல்) அவர்கள், அவரைக் கொன்றது அவர்கள்தாம் என்று கடிந்துகொண்டார்கள். அறியாதவர்கள் கேட்டிருக்கலாகாதா என்றும் வருந்தினார்கள். காயத்தில் துணி கட்டி அதன் மேல் தடவுவது பற்றி வரும் கடைசிப் பகுதியின் அறிவிப்புத் தொடரைப் பற்றி ஹதீஸ்கலை அறிஞர்கள் விவாதித்துள்ளார்கள். கண்டிப்பின் கடுமை மட்டும் எங்கள் போன்ற ஆசிரியர்களை இன்றும் நடுங்கச் செய்ய வேண்டியது.

ஷாஃபிஈ மத்ஹபில் சட்டம் இது. உடலில் நலமாக உள்ள பகுதிகளைக் கழுவ வேண்டும். கட்டின் மேல் ஈரக்கையால் முழுவதுமாக மஸ்ஹு செய்ய வேண்டும். கழுவ முடியாத பகுதிக்காகத் தயம்மும் செய்ய வேண்டும். ஒவ்வொரு ஃபர்ளுக்கும் தயம்மும் புதிதாக வேண்டும். கட்டு, தேவையான அளவைத் தாண்டி நலமான தோலை மூடக்கூடாது. தூய்மையோடு இருக்கும்போது கட்டியிருக்க வேண்டும். இந்த நிபந்தனைகள் தவறினால் தொழுகையை நிறைவேற்றிவிட்டுப் பின்னர் மீட்ட வேண்டுமா என்பதில் மத்ஹபுக்குள்ளேயே நீண்ட பேச்சு உண்டு. கட்டை மாற்றும்போது அந்த உறுப்பின் தூய்மை என்னாகும் என்பதும் தனிப் பாடம்; உள்ளூர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஹனஃபி மத்ஹபில் இன்னும் எளிது. கட்டின் பெரும்பகுதியில் ஒருமுறை தடவினால் போதும். தூய்மையோடு கட்டியிருக்க வேண்டும் என்பதில்லை. நாள் கணக்கும் இல்லை. தடவுவதே தீங்கு செய்யுமானால் அதுவும் விலகிவிடும். இரு மத்ஹபிலும், தீங்கு வரும் என்ற அச்சம் உள்ளபோது கட்டைப் பிரிக்கும்படி சட்டம் ஏவவில்லை.

"இது பிளாஸ்டிக்காச்சே, தண்ணி உள்ள இறங்காதே" என்பது அடுத்த கேள்வி. நூல்களில் ஜபீரா என்று சொல்லப்படுவது எலும்பு முறிவுக்குக் கட்டும் மரச் சிம்பு. மரத்தில் தடவினால் தண்ணீர் எலும்புக்கா போகிறது? மஸ்ஹு என்பது மேலே தடவுவதுதான். சொல்லப்போனால் பழைய காஸ் துணியின் மேல் தடவும் ஈரம் உள்ளே ஊறிக் கிருமியையும் கொண்டுசெல்லும். இந்தப் படலத்தின் மேல் தடவினால் அந்தப் பயமில்லை. இந்தச் சட்டத்திற்கு இவ்வளவு இணக்கமான கட்டை எமது முன்னோர் கண்டதில்லை.

அந்த அம்மையார் அன்றிலிருந்து கட்டைப் பிரிப்பதை நிறுத்தினார்கள். ஆனால் அதற்குள் தொற்று எலும்பு வரை போயிருந்தது. பெருவிரலை எடுத்தார்கள். மீதிக் காலைக் காப்பாற்றிவிட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ். இப்போது நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார்கள். கட்டு மட்டுமே அவர்களைக் காத்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். புண் உள்ள இடத்தில் உடலின் பாரம் விழாமல் செய்வது கட்டைவிட முக்கியம். வேலூரில் தொழுநோயாளிகளின் மரத்துப்போன பாதங்களை ஆராய்ந்த டாக்டர் பால் பிராண்டு உலகத்துக்குச் சொன்ன பாடம் அது. எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று சர்க்கரை நோயாளிகள் அணியும் மெத்தென்ற ரப்பர் செருப்பு அந்தப் பணியோடு தொடர்புடையது.

இப்போது பன்றி விவகாரம். எல்லாக் கட்டும் கடற்பாசியிலிருந்தோ பாலியூரித்தேனிலிருந்தோ வருவதில்லை. ஹைட்ரோகொலாய்டு என்ற ஒட்டுக்கட்டுகள் பலவற்றில் ஜெலட்டின் உண்டு. அது மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுக்கப்படலாம். கொலாஜன் கட்டுகள் மாடு, மீன், பன்றி என்று பல மூலங்களிலிருந்து வருகின்றன. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய கோலிடெர்ம் என்ற கட்டு பன்றியின் பித்தப்பையிலிருந்து செய்யப்படுவது. ஐஸ்லாந்தில் கெரெசிஸ் என்ற நிறுவனம் காட் மீனின் தோலைச் செதில் நீக்கிக் காயத்தில் வைக்கிறது. பிரேசிலில் தீக்காயத்துக்குத் திலேப்பியா மீன் தோலைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் இரத்தத்தை நிறுத்தும் கட்டாகப் போர்க்களங்களில் பயன்படுகிறது. ஆக, மாற்று இல்லாத நிலை அரிது.

பன்றி கடும் நஜீஸ். அதன் பொருள் தன் இயல்பிலிருந்து முற்றிலும் மாறிவிட்டால் தூய்மையாகுமா என்பது இஸ்திஹாலா என்ற தலைப்பில் பேசப்படும் செய்தி. (தொடர் உதிரப்போக்கைக் குறிக்கும் இஸ்திஹாளாவோடு இதைக் குழப்பிக்கொண்டு தேர்வில் விடை எழுதும் பிள்ளைகள் ஆண்டுதோறும் உண்டு.) ஹனஃபிகள் இந்த வாசலை அகலமாகத் திறந்துவைத்துள்ளார்கள், ஷாஃபிஈகள் மிகக் குறுக்கியுள்ளார்கள். ஆனால் முறிந்த எலும்பை ஒட்டவைக்கத் தூய பொருள் கிடைக்காமல் நஜீஸான எலும்பால் ஒட்டியவர் மன்னிக்கப்பட்டவர் என்று இமாம் நவவீ (ரஹ்) மின்ஹாஜில் எழுதியிருக்கிறார்கள். எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பு எழுதிய அந்தச் சட்டம் இன்றைய கட்டுக்கு அப்படியே பொருந்துகிறது. மாற்று இருந்தால் மாற்று. இல்லையேல் தேவை சட்டத்தைத் தளர்த்தும். எமது வேண்டுகோள் ஒன்றே: மருத்துவரிடம் "இந்தக் கட்டு எதிலிருந்து செய்தது, இதற்கு மாற்று உண்டா?" என்று முன்கூட்டியே, மரியாதையாகக் கேளுங்கள். ஒட்டிய பிறகு வாட்ஸ்அப் செய்தி ஒன்றைப் படித்துப் பதறிப் பிய்த்தெறியாதீர்கள். அப்படிப் பிய்த்த ஒருவரின் தீக்காயம் சீழ் பிடித்ததைக் கண்டோம். அவருக்கு ஒட்டியிருந்தது மாட்டின் கொலாஜன் என்பது பிறகுதான் தெரிந்தது.

கையுறை எமக்கு வேறு வழியில் அறிமுகமானது. ஊரில் பெண் ஜனாஸாக்களைக் குளிப்பாட்டும் குழுவில் நாமும் இருக்கிறோம். மய்யித்தின் மறைவிடத்தைக் கழுவும்போது குளிப்பாட்டுபவர் இடக்கையில் துணி சுற்றிக்கொள்ள வேண்டும் என்று நூல்கள் கூறுகின்றன. அதற்காகக் கபன் துணியிலேயே இரண்டு சிறு பைகள் தைத்துவைப்பது ஊர் வழக்கம். 2020இல் கொரோனா வந்தபோது துணிப்பை போதாது என்றானது. நீல நிறக் கையுறைப் பெட்டிகள் ஜமாஅத் அலுவலகத்துக்கு வந்தன. துணிக்குப் பதில் இது கூடுமா என்று மூத்த பெண்மணி ஒருவர் தயங்கினார். கை நேராக உடலைத் தொடக்கூடாது என்பதுதான் நோக்கம். துணியைவிட இது அதை நன்றாக நிறைவேற்றுகிறது என்று விளக்கினோம்.

மருத்துவத்தில் ரப்பர் கையுறை நுழைந்த கதை சுவையானது. 1889-90 அளவில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கரோலின் ஹாம்ப்டன் என்ற செவிலியருக்குக் கிருமிநாசினியாக வைத்திருந்த பாதரச உப்புக் கரைசல் பட்டுக் கையெல்லாம் புண்ணானது. அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், குட்இயர் ரப்பர் நிறுவனத்திடம் மெல்லிய கையுறைகள் செய்து தரச் சொன்னார். நோயாளியைக் கிருமியிலிருந்து காக்க வேண்டும் என்பது அப்போது அவர் எண்ணமன்று. அந்தப் பெண்ணின் கைகளைக் காப்பதே நோக்கம். 1890இல் அவரையே மணந்துகொண்டார். கையுறை அணிந்தால் நோயாளிக்கும் தொற்று குறைகிறது என்பது பின்னர்தான் தெளிவானது.

ரப்பர் மரத்தின் பால்தான் அந்தக் கையுறை. கன்னியாகுமரி மாவட்டத்தில் விடியுமுன் பால்வெட்டச் செல்லும் குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. கை வடிவில் செய்த பீங்கான் அச்சுகளை ரப்பர்ப் பாலில் முக்கி எடுத்து, கழுவி, சூடேற்றிக் கையுறையாக்குகிறார்கள். அந்தப் பாலிலுள்ள புரதம் சிலருக்கு ஒவ்வாது. அணிய எளிதாக இருக்கட்டும் என்று சோளமாவுப் பொடி தூவினார்கள். அந்தப் பொடியே புரதத்தைச் சுமந்து காற்றில் பறந்து மூச்சுக்குள் சென்றது. அமெரிக்கா 2017 சனவரியில் பொடிபோட்ட மருத்துவக் கையுறைகளைத் தடை செய்தது. நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரில் அந்தப் புரதம் இல்லை. எமது குழுவில் ஒரு சகோதரிக்கு வெள்ளைக் கையுறை அணிந்தால் மணிக்கட்டு வரை தடிப்பு வரும். நீலத்துக்கு மாறியதும் நின்றது. நைட்ரைலிலும் சேர்க்கப்படும் வேதிப்பொருள்களால் அரிப்பு வருபவர்கள் உண்டு என்பதால், மாற்றியும் நிற்காவிட்டால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

ஷாஃபிஈகளுக்கு இதில் ஒரு சிறு வசதியும் உண்டு. அந்நிய ஆணின் தோல் பட்டால் உளூ முறியும் என்பது மத்ஹபின் சட்டம். இடையில் திரை இருந்தால் முறியாது. ஆண் மருத்துவர் கையுறையோடு நாடி பார்த்தால் உளூ போய்விட்டதா என்று கவலைப்பட வேண்டியதில்லை.

மூன்றாவது செய்தியை எழுதச் சகோதரிகள் பலர் கேட்டிருந்தார்கள். சிலர் எழுத வேண்டாம் என்றும் சொன்னார்கள். மாதவிடாய்ச் சட்டத்தில் நபித்தோழியர் வெட்கப்படாமல் கேட்டதனால்தான் இன்று எமக்குப் பாடம் இருக்கிறது. உதிரப்போக்கு மிகுதியாக இருந்த ஹம்னா (ரலி) அவர்களுக்குப் பஞ்சு வைத்துக்கொள்ளும்படியும், அது போதாதெனில் துணி கட்டும்படியும் நபி (ஸல்) அவர்களே வழி சொன்னார்கள். எனவே எழுதுகிறோம்.

கடையில் வாங்கும் நாப்கினும் காயக்கட்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். முதல் உலகப்போரில் பருத்திக்குத் தட்டுப்பாடு வந்தபோது கிம்பர்லி கிளார்க் நிறுவனம் மரக்கூழிலிருந்து செல்லுகாட்டன் என்ற கட்டுப்பொருளைச் செய்து கொடுத்தது. போர்க்கள மருத்துவமனைகளில் செவிலியர் அதைத் தங்கள் மாதவிடாய்க்கும் பயன்படுத்தினார்கள். போர் முடிந்ததும் மீந்துபோன அதே பொருள் 1920இல் கோடெக்ஸ் என்ற பெயரில் கடைக்கு வந்தது. பின்னர் சேர்ந்தது பேருறிஞ்சிப் பொடி. சோடியம் பாலிஅக்ரிலேட் என்பது இன்று வழங்கும் வகை. 1960களில் அமெரிக்க வேளாண்மைத் துறை ஆய்வாளர்கள் மண்ணில் ஈரம் தங்குவதற்காக இத்தகைய பொருளைத் தேடினார்கள். அது நாப்கினுக்குள் வந்து சேர்ந்தது.

வகுப்பில் ஒரு நாப்கினை அறுத்து அந்தப் பொடியைக் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிக் குவளையில் இட்டோம். தண்ணீர் ஊற்றியதும் ஜவ்வரிசிக் கஞ்சி போலக் குவளை முழுவதும் பொங்கி நின்றது. கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழவில்லை. ஒரு கரண்டி உப்பைப் போட்டுக் கலக்கியதும் அது தளர்ந்து நீர் விட்டது. தூய நீரைத் தன் எடையைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு உறிஞ்சும் அந்தப் பொடி, உப்புள்ள நீரை, எனவே இரத்தத்தை, அதைவிடப் பல மடங்கு குறைவாகவே உறிஞ்சும். எட்டு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் என்று விளம்பரம் சொல்வதை நம்பி மாற்றாமல் இருக்காதீர்கள் என்று அப்போது சொன்னது பிள்ளைகள் மனத்தில் நின்றிருக்கும்.

இந்தப் பொடியால் ஃபிக்ஹில் உண்மையான சிக்கல் ஒன்று வந்திருக்கிறது. துணியில் கறை தெரியும். புதிய நாப்கினில் மேலே துளைகளிட்ட படலம் இருக்கிறது. ஈரம் உடனே கீழே இழுக்கப்பட்டுக் கூழில் அடைபடுகிறது. மேற்பரப்பு உலர்ந்தே தெரியும். ஹைளு முடிந்ததற்கு அடையாளம் உலர்வு அல்லது வெள்ளை நீர். நாப்கின் உலர்ந்திருப்பதைப் பார்த்து, முடிந்துவிட்டது என்று குளித்துத் தொழத் தொடங்கி, மாலையில் மறுபடியும் கண்டு குழம்பிய பிள்ளைகள் எம்மிடம் வருகிறார்கள். ரமளானில் இந்தக் குழப்பம் நோன்பையும் தொடுகிறது. ஆயிஷா (ரலி) அவர்களிடம் பெண்கள் மஞ்சள் படிந்த பஞ்சைச் சிறு பெட்டியில் வைத்து அனுப்பிக் கேட்பார்களாம். வெண்மையைக் காணும்வரை அவசரப்படாதீர்கள் என்பது அவர்கள் தந்த விடை. அந்தப் பஞ்சுதான் இன்றைக்கும் வழி. இறுதி நாள்களில் வெள்ளைப் பஞ்சாலோ வெண் துணியாலோ ஒற்றிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். நாப்கின் சாட்சியாகாது.

இன்னொன்று, பயன்படுத்திய நாப்கினை இரத்தம் போகக் கழுவிவிட்டுத்தான் எறிய வேண்டும் என்று பல வீடுகளில் நம்புகிறார்கள். கழுவாவிட்டால் ஜின் தீண்டும் என்று பயமுறுத்தும் பெரியவர்களும் உண்டு. ஷரீஅத்தில் அதற்கு ஆதாரம் இல்லை. துவைத்து மறுபடியும் உடுத்தும் துணிக்குத்தான் கழுவும் தேவை. குளியலறையில் நாப்கினைப் பிழியும்போது அந்தப் பொடி வெளியேறித் தண்ணீரைக் குடித்து வீங்கிக் குழாயை அடைத்துவிடும். எமது விடுதியில் இரண்டு முறை தரையை உடைத்துக் கழிவுக்குழாயை எடுக்க வேண்டி வந்தது. தாளில் சுற்றித் தனியே போடுவதே சரியானது. 2016இன் திடக்கழிவு விதிகளும் அதையே சொல்லின. குழாய் உடைத்த கூலியைச் சொன்ன பிறகுதான் விடுதிக் காப்பாளர் அம்மாவும் ஒப்புக்கொண்டார்கள்.

வாங்க வசதியில்லாதவர்களைப் பற்றியும் நினைக்க வேண்டும். கோவையின் அருணாசலம் முருகானந்தம் மலிவாக நாப்கின் செய்யும் சிறு இயந்திரத்தை உருவாக்கினார். 2016இல் பத்மஸ்ரீ பெற்றார். தமிழக அரசின் புதுயுகம் திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு நாப்கின் இலவசமாகத் தரப்படுகிறது. 2018 சூலையில் நாப்கினுக்கான ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டது. இவ்வளவுக்குப் பிறகும் துணியே பயன்படுத்தும் வீடுகள் உள்ளன. துணி தாழ்ந்ததன்று. அதை ஆண்கள் கண்ணில் படாமல் இருட்டு மூலையில், ஈரம் போகாமல் காயவைப்பதுதான் நோய்க்கு வழி. வெயிலில் காயவைக்க மாடியில் பெண்களுக்கென ஒரு மறைப்புக் கட்டித் தரும்படி நிர்வாகத்திடம் ஈராண்டு கேட்டு, சென்ற ஷஅபானில் தகரத் தடுப்பு போட்டுத் தந்தார்கள். இப்போது விடுதிக்கு மாதச் சாமான் எழுதும்போது சோப்புக்கு அடுத்த வரியில் வெள்ளைப் பஞ்சு இரண்டு சுருள் என்றும் எழுதுகிறோம். முதல் மாதம் கணக்குப் பிள்ளை, "மதரஸாவுக்கு எதுக்கும்மா இவ்வளவு பஞ்சு?" என்று கேட்டார். பாடத்துக்கு என்று சொல்லி அனுப்பினோம்.

வல்லாஹு அஃலம்.